பன்றித் தடுப்பூசி: கேள்விகளும் பதில்களும்

பன்றிக் காய்ச்சல் ஊசியை முயலில் செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்கு நம் நாட்டில் பல்லாண்டுகளாக அதுதான் வழி. முயலுக்குள் வைரஸைச் செலுத்தி, மண்ணீரலை எடுத்து அரைக்க வேண்டும். கருஞ்சிவப்பாக, விரல் போல ஒரு சின்னத் துண்டு. அதில் 50 டோஸ் கிடைத்தால் சரி. பிறகு இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தினர் அந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலேயே பெருக்கிக் காட்டினார்கள். 2020-ல் அந்த ஊசி அறிமுகமானது. இனி முயலை அறுக்க வேண்டாம். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

குட்டிக்கு எப்போது போடலாம்?

தாய்க்கு ஊசி போட்டிருந்தால் 6 முதல் 8 வாரத்தில். முந்தினால், சீம்பாலில் வந்த எதிர்ப்பொருளே ஊசியை வீணாக்கிவிடும்.

இந்த நோய் மனிதருக்குத் தொற்றுமா?

இல்லை. மனிதருக்கு வரும் பன்றிக் காய்ச்சல் என்று சொல்கிறார்களே, அந்த ஹெச்1என்1 வேறு நோய்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மட்டும் ஏன் ஊசி இல்லை?

2020-ல் அஸ்ஸாமில் அது புகுந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது இதைத்தான். கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே இந்த வைரஸ் குடியேறிப் பெருகுகிறது. அதில் 150-க்கும் மேற்பட்ட புரதங்கள். எதைக் குறிவைத்தால் காப்பு கிடைக்கும் என்பது இன்னும் தெளிவாகவில்லை. வைரஸைக் கொன்று செய்த ஊசி காப்பதில்லை. உயிருள்ளதை வலுவிழக்கச் செய்து போட்டால், 1960-களில் போர்ச்சுகலில் நடந்ததுதான்: ஊசி போட்ட பன்றிகளே நாள்பட்ட நோயில் விழுந்தன.

வியட்நாமில் போடுகிறார்களே? சும்மா பயமுறுத்துகிறீர்கள்!

பயமுறுத்தவில்லை, ஐயா. அங்கே 2022-ல் ஊசிக்குப் பிறகு பன்றிகள் செத்ததால் கொஞ்ச காலம் நிறுத்தினார்கள். 2023-ல் மீண்டும் அனுமதித்தார்கள். ஒரு மரபணுவை நீக்கிய உயிருள்ள வைரஸ் அது. சினைப்பன்றிக்குப் போட்டால் என்ன ஆகும், தொழுவத்தில் சுற்றும் வைரஸோடு அது கலந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு நல்ல விடை வேண்டும். பண்ணையே காலியான வலி எனக்கும் தெரியும். ஆனால் அவசரப்பட்டால் அடுத்த பண்ணையும் காலியாகும்.

அப்படியானால் வெளிநாட்டு ஊசியைத் தெரிந்தவர் மூலம் வாங்கிப் போடலாமா?

கூடாது. மேலே சொன்னதைப் படியுங்கள்.

நண்பர் ஒருவர் கொண்டுவந்திருக்கிறார், ஒரு குப்பி மட்டும்...

ஒரு குப்பியும் கூடாது. இன்றே கால்நடை மருத்துவரிடம் ஒப்படையுங்கள்.

சரி, இப்போது நாங்கள் என்னதான் செய்வது?

பன்றிக்குப் போடும் ஓட்டல் எச்சில் சோற்றை 90 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். பச்சைப் பன்றிக்கறித் துண்டு ஒன்றுகூட தொட்டிக்குள் விழக்கூடாது.