நாற்காலிப் பலகைக்கான லத்தீன் வரி

"என் நாற்காலியில் உட்காராதீர்கள்" என்பதற்கு மொழிபெயர்ப்புச் செயலி தந்த "நோன் செடேரெ இன் செல்லா மெயுஸ்" என்ற வரியைப் பலகையில் பொறிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அதில் இரண்டு பிழைகள்.

லத்தீனில் "செய்யாதே" என்று சொல்ல "நோன்" வராது. ஒருவரிடம் "நோலீ", பலரிடம் "நோலீத்தெ". கூடவே வினையெச்சம் போன்ற "செடேரெ" (உட்கார). அடுத்தது "என்" எனப் பொருள்படும் "மெயுஸ்". அது ஆண்பால், எழுவாய் வடிவம். நாற்காலியைக் குறிக்கும் "செல்லா" பெண்பால்; இரண்டும் பொருந்த வேண்டும். நம் "இல்" உருபின் வேலையை அங்கே "இன்" என்ற முன்னிடைச்சொல் செய்கிறது; அதன்பின் "மெயா" என்று நெடிலில் முடிய வேண்டும்.

சரியான வரி: நோலீத்தெ இன் செல்லா மெயா செடேரெ. வினை கடைசியில், தமிழைப் போலவே!

சிரிப்பு வரவேண்டுமென்றால் "மெயா"வுக்குப் பின் "குரூலீ" சேருங்கள். "செல்லா குரூலிஸ்" என்பது ரோமில் கான்சல், பிரீட்டர் போன்ற உயர் அதிகாரிகள் அமர்ந்த மடக்கு ஆசனம். சாதாரண நாற்காலிக்கு அந்தப் பட்டம் கிடைப்பதில்தான் நகைச்சுவையே இருக்கிறது.

பொறிக்கும்போது எல்லாம் பெரிய எழுத்து. "குரூலீ"யில் வரும் இரண்டு யு எழுத்தையும் வி வடிவில் வெட்டச் சொல்லுங்கள். ரோமானியக் கல்வெட்டுகளில் அப்படித்தான் இருக்கும்.