சிஸ்கோ 2960 சுவிட்ச்சின் ஃப்ளாஷில் எதை அழிக்கலாம், எதைத் தொடக் கூடாது?

கேள்வி: பழைய சிஸ்கோ 2960 நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. புது இமேஜ் (சுவிட்ச்சை இயக்கும் மென்பொருள்) ஏற்றலாம் என்றால் ஃப்ளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத சேமிப்பிடம்) இடமில்லை. உள்ளே ஏகப்பட்ட ஃபைல்களும் ஃபோல்டர்களும் கிடக்கின்றன. எதை அழித்தால் ஆபத்து? கான்ஃபிக்கை, அதாவது சுவிட்ச்சின் அமைப்பு வரிகளை, எப்படிப் பத்திரப்படுத்துவது?

பதில்: எதையும் அழிப்பதற்கு முன்னால் ‘ஷோ பூட்’ என்று அடித்து, வருவதை அப்படியே நோட்பேடில் எடுத்து வையுங்கள். சுவிட்ச் அடுத்த முறை எழும்போது எந்த இமேஜைத் தேடும், எந்த கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும் என்பது அதில் இருக்கும். அது தெரியாமல் ஃப்ளாஷில் கை வைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்ச் இமேஜை மெமரிக்குள் விரித்து வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. அதனால் ஃப்ளாஷில் இருக்கும் இமேஜை அழித்தாலும் அந்த நிமிடம் ஒன்றும் ஆகாது. போர்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும். என்றைக்கோ ஒரு நாள் கரண்ட் போய் வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். அன்றைக்கு யார் எதை அழித்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

‘ஷோ பூட்’ காட்டுவதில் முதல் வரி பூட் பாத். அதில் ஃபோல்டர் பெயரும் அதற்குள் இருக்கும் இமேஜ் ஃபைலின் (.bin) பெயரும் முழுதாக இருக்கும். அடுத்தது கான்ஃபிக் ஃபைலின் பெயர், வழக்கமாக கான்ஃபிக்.டெக்ஸ்ட். கீழே ‘மேனுவல் பூட்’ என்று ஒரு வரி வரும். அது ‘நோ’ என்று இருக்க வேண்டும். ‘யெஸ்’ என்றிருந்தால் கரண்ட் வந்த பிறகும் சுவிட்ச் தானாக எழாது, பூட் லோடரில் (இமேஜை ஏற்றிவிடும் சின்ன நிரல்) நின்றுகொண்டு யாராவது வருவதற்காகக் காத்திருக்கும். இரண்டாம் கையாக வாங்கிய சுவிட்ச் என்றால் இந்த வரியைக் கட்டாயம் பாருங்கள்.

பூட் பாத்தில் ஒன்றுமே இல்லை என்றாலும், அதில் எழுதியிருக்கும் இமேஜ் கிடைக்கவில்லை என்றாலும் சுவிட்ச் உடனே கைவிட்டுவிடாது. ஃப்ளாஷ் முழுவதையும் தேடி, முதலில் அகப்படுகிற இமேஜை எடுத்துக்கொண்டு எழும். தேடும்போது ஒரு ஃபோல்டர் எதிர்ப்பட்டால் அதற்குள் அடிமட்டம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்து அடுத்ததைப் பார்க்கும். கேட்பதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் புது இமேஜ் ஏற்றி, பாத்தில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்துவிட்டு, பழையதையும் அழிக்காமல் வைத்திருந்தால் சுவிட்ச் பேசாமல் பழைய இமேஜிலேயே எழுந்துவிடும். எல்லாம் வேலை செய்வதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு ரீலோடுக்குப் பிறகும் ‘ஷோ வெர்ஷன்’ பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பு ஓடுகிறது, எந்த ஃபைலிலிருந்து எழுந்தது என்று இரண்டையுமே அது சொல்லிவிடும்.

சரி, இடம் பண்ணுவதற்கு வருவோம். 2960-இல் ஃப்ளாஷ் மொத்தமே 32 எம்பி. ஒரு இமேஜே 10 எம்பிக்கு மேல் போகும். அதோடு எச்டிஎம்எல் என்று ஒரு ஃபோல்டரும் வரும். பிரவுசர் வழியாக சுவிட்ச்சைப் பார்ப்பதற்கான பக்கங்கள் அதில் இருக்கின்றன. கமாண்ட் லைனில் மட்டுமே வேலை செய்கிறவர் என்றால் அந்த ஃபோல்டரை முதலில் தூக்கிவிடலாம், வேறு எதுவும் பாதிக்காது. பிறகு பூட் பாத்திலும் இல்லாத, ‘ஷோ வெர்ஷன்’ காட்டாத பழைய இமேஜ் ஃபோல்டர்களை அழிக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்த சுவிட்ச்சில் அழித்தது அழித்ததுதான், மீட்டெடுக்க ரீசைக்கிள் பின் எதுவும் கிடையாது.

தொடக் கூடாதவை நான்கு. கான்ஃபிக்.டெக்ஸ்ட்தான் உங்கள் ஸ்டார்ட்அப் கான்ஃபிக், அதாவது சுவிட்ச் எழும்போது படிக்கும் சேமித்த கான்ஃபிக். பிரைவேட்-கான்ஃபிக்.டெக்ஸ்ட் என்பதில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து மறைப்போடு உள்ளே நுழையும் வழி) சாவி போன்றவை இருக்கும். இதனால்தான் ஒரு சுவிட்ச்சின் கான்ஃபிக்கை இன்னொன்றில் அப்படியே போட்டாலும் எஸ்எஸ்எச் வேலை செய்வதில்லை. அங்கே சாவியைப் புதிதாக உருவாக்க வேண்டும். மல்டிபிள்-எஃப்எஸ் என்று ஒரு குட்டி ஃபைல் இருக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள். நான்காவதான விலான்.டாட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

விலான் என்பது ஒரே சுவிட்ச்சின் போர்ட்களைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது. விடிபி என்பது அந்த விலான் பட்டியலை சுவிட்ச்களுக்கு இடையே பகிரும் முறை. சுவிட்ச் விடிபி சர்வர் மோடில் இருந்தால் (பெட்டியிலிருந்து எடுத்தால் அப்படித்தான் வரும்) நீங்கள் உருவாக்கிய விலான்களின் எண்ணும் பெயரும் கான்ஃபிக்கில் எழுதப்படுவதில்லை, இந்த விலான்.டாட்டில்தான் போய் உட்காருகின்றன. கான்ஃபிக்கை மட்டும் பேக்கப் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். சுவிட்ச் எரிந்துபோய், புதியதில் அந்தக் கான்ஃபிக்கை ஏற்றினால் போர்ட்கள் விலான் 20, விலான் 30 என்று சரியாகக் காட்டும், விலான் பட்டியலில் அவை இருக்காது என்ற நிலை வரலாம். விடிபி தேவையில்லை என்றால் டிரான்ஸ்பரண்ட் மோடுக்கு (மற்ற சுவிட்ச்களின் பட்டியலை ஏற்காத நிலை) மாற்றிவிடுங்கள், அப்போது விலான்கள் கான்ஃபிக்கிலும் வந்துவிடும். என்னைக் கேட்டால் சின்ன நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் இதுதான் நல்லது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ‘ரைட் இரேஸ்’ கொடுத்தால் ஸ்டார்ட்அப் கான்ஃபிக் போகும், விலான்.டாட் போகாது. வேறு இடத்தில் ஓடிய சுவிட்ச்சை இப்படி அரைகுறையாகத் துடைத்துவிட்டு நெட்வொர்க்கில் செருகினால், விடிபி டொமைனும் பாஸ்வேர்டும் ஒத்துப்போய், அதன் ரிவிஷன் எண்ணும் (பட்டியல் மாறும்போதெல்லாம் கூடும் எண்) பெரிதாக இருந்தால், அந்த சுவிட்ச்சின் பழைய விலான் பட்டியல் உங்கள் பட்டியலின் மேல் எழுதிவிடும். கட்டடம் முழுக்க நெட் போகும். பழைய சுவிட்ச்சை மறுபடி பயன்படுத்தும்போது விலான்.டாட்டைத் தனியாக அழித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள்.

அப்புறம், கான்ஃபிக். ரன்னிங் கான்ஃபிக், அதாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக், மெமரியில் மட்டும் இருப்பது. ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்’ கொடுக்காதவரை கரண்ட் போனால் அதுவும் போய்விடும். இது எல்லோருக்கும் தெரியும். பலரும் கவனிக்காதது என்னவென்றால், பழைய கான்ஃபிக்கை ரன்னிங்குக்குக் காப்பி செய்தால் அது இருப்பதற்கு மேல் சேருமே தவிர இருப்பதை மாற்றாது. நடுவில் நீங்கள் சேர்த்த வரிகள் அப்படியே தங்கிவிடும். உண்மையிலேயே பழைய நிலைக்குத் திரும்ப ‘கான்ஃபிகர் ரீப்ளேஸ்’ கமாண்டைப் பயன்படுத்துங்கள். ஓடுகிற கான்ஃபிக்கையும் ஃபைலையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் சேர்த்தோ நீக்கியோ அது சரிசெய்யும்.

‘ஆர்க்கைவ்’ என்ற வசதியையும் போட்டு வையுங்கள். பாத் கொடுத்து, அதற்குக் கீழே ‘ரைட்-மெமரி’ என்று சேர்த்தால் ஒவ்வொரு முறை நீங்கள் சேமிக்கும்போதும் ஒரு நகல் தனியாக விழும். அதிகபட்சம் 14 நகல் வரை வைத்துக்கொள்ளும். அந்தப் பாத் சுவிட்ச்சின் ஃப்ளாஷாகவே இருந்தால் பாதிப் பயன்தான், வெளியே ஒரு சர்வருக்குப் போக வேண்டும். டிஎஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறை எளிதானது, ஆனால் அதில் எல்லாமே மறைப்பில்லாமல் போகிறது. கான்ஃபிக்கில் பாஸ்வேர்ட் இருக்கிறது, டைப் 7 பாஸ்வேர்டை (சிஸ்கோவின் பலவீனமான மறைப்பு முறை) யாரும் நொடியில் பிரித்துவிடலாம். முடிந்தால், மறைப்போடு ஃபைல் அனுப்பும் எஸ்சிபி பயன்படுத்துங்கள்.

புது இமேஜ் ஏற்ற ‘ஆர்க்கைவ் டவுன்லோட்-எஸ்டபிள்யூ’ நல்ல வழி. டார் (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய) ஃபைலை விரித்து, ஃபோல்டர் உருவாக்கி, பூட் பாத்தையும் அதுவே மாற்றிவிடும். கையால் செய்வதாக இருந்தால் காப்பி முடிந்ததும் ‘வெரிஃபை’ கமாண்டில் எம்டி5 (ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு மதிப்பு) பார்த்து, சிஸ்கோ தளத்தில் கொடுத்திருக்கும் மதிப்போடு ஒத்துப்பார்த்துவிட்டுப் பாத்தை மாற்றுங்கள்.

தொலைவிலிருந்து கான்ஃபிக்கை மாற்றுகிறீர்கள் என்றால் முதலில் ‘ரீலோட் இன் 10’ கொடுத்துவிடுங்கள். தவறான வரியால் உங்கள் இணைப்பே அறுந்துபோனாலும் 10 நிமிடத்தில் சுவிட்ச் ரீலோட் ஆகி, சேமித்த கான்ஃபிக்கோடு எழுந்துவிடும். எல்லாம் சரியென்றால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்துவிட்டு, அதன்பிறகே சேமிக்க வேண்டும். முந்திக்கொண்டு சேமித்தால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை.

இமேஜே இல்லாமல் போய்விட்டால்? கன்சோல் கேபிள் போட்டு, பூட் லோடரில் ‘ஃப்ளாஷ்_இனிட்’ கொடுத்தால் ஃப்ளாஷ் தெரியும். எக்ஸ்மோடம் (கன்சோல் கேபிள் வழியே ஃபைல் அனுப்பும் முறை) வழியாக இமேஜை அனுப்பலாம். ஆனால் 9600 வேகத்தில் விநாடிக்கு 1 கேபி கூடப் போகாது, 10 எம்பி இமேஜுக்குக் கிட்டத்தட்ட 3 மணி நேரம் பிடிக்கும். பாட் ரேட்டை, அதாவது கன்சோல் வேகத்தை, 115200-க்கு ஏற்றிக்கொண்டால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முன்பு பயன்பாட்டில் இல்லாத இமேஜை அழிக்கலாம் என்றேன். ஆனால் இடம் இருந்தால், நன்றாக ஓடிய பழைய இமேஜ் ஒன்றை விட்டுவைப்பது இந்த 3 மணி நேரத்துக்காகத்தான்.

பின்னாளில் 9300 போன்ற புது சுவிட்ச் கைக்கு வந்தால் இந்தப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். அங்கே இன்ஸ்டால் மோடில் பூட் பாத் பேக்கேஜஸ்.கான்ஃப் என்ற ஃபைலைக் காட்டும், அது பல பிகேஜி (இமேஜின் பகுதிகளான .pkg) ஃபைல்களைக் காட்டும். எந்த பிகேஜி தேவை என்று பெயரைப் பார்த்து நாமே முடிவு செய்து அழிக்கக் கூடாது. ‘இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ்’ கொடுத்தால் பயன்பாட்டில் இல்லாதவற்றைப் பட்டியலிட்டு, அழிக்கவா என்று அதுவே உங்களைக் கேட்கும்.