டேவிஸ்-பெஸ் உலை மூடியை அரித்தது எது? – கேள்வி பதில்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில், உலைக்கலனின் மூடியை அமிலம் ஆழமாக அரித்திருந்தது 2002 மார்ச்சில் தெரியவந்தது. அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

உலையில் ஓடுவது தண்ணீர்தானே ஐயா, அது எப்படி எஃகை அரிக்கும்?

அந்தத் தண்ணீரில், நியூட்ரான்களை உறிஞ்சுவதற்காகப் போரிக் அமிலம் கலந்திருக்கும்; கேரம் பலகையில் தூவுகிறோமே, அதே வெள்ளைப் பொடிதான். கலனின் உட்புறம் துருப்பிடிக்காத எஃகால் மூடப்பட்டிருப்பதால் அங்கே தீங்கில்லை. வெளியே கசிந்து, சூட்டில் நீர் வற்றி, அமிலம் செறிவடையும்போதுதான் மூடியின் சாதாரண எஃகு கரையத் தொடங்குகிறது. டேவிஸ்-பெஸ்ஸில் 15 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட எஃகு அப்படிக் கரைந்துபோய், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத உட்புறத் தகடு மட்டும், வளிமண்டலத்தைப் போல் சுமார் 150 மடங்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு, வெளிப்புறமாகப் புடைத்து நின்றது.

கசிவு எங்கே தொடங்கியது?

உலையின் வினையைக் குறைக்கவும் நிறுத்தவும் உதவும் கட்டுப்பாட்டுத் தண்டுகள், மூடியைத் துளைத்து இறங்கும் குழாய்களில். அவை அலாய் 600 என்னும் நிக்கல் கலப்புலோகத்தால் ஆனவை. பற்றவைப்பு விட்டுச்சென்ற இழுவிசையும் சூடான நீரும் சேர்ந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் மயிரிழை விரிசல்கள் விழும்.

இத்தனை நாளும் யார் கண்ணிலும் படவில்லையா?

பட்டது என்பதுதான் வேதனை. 2000-ஆம் ஆண்டுப் பராமரிப்பின்போதே, மூடியின் மேலிருந்து செம்பழுப்பாக வழிந்து இறுகிய அமிலப் படிவத்தைப் படம் எடுத்திருந்தார்கள். வெறும் போரிக் அமிலம் வெண்மையாக இருக்கும். சிவந்திருந்தால் இரும்பு கரைகிறது என்று பொருள். கட்டடத்தின் கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவிகளின் வடிகட்டிகளும் துருத்தூளால் அடிக்கடி அடைத்துக்கொண்டன. ஆனால் மூடிக்கு மேலுள்ள இணைப்புகள் முன்பே கசிந்தவை என்பதால் பழி அவற்றின்மேல் போயிற்று. கசிவின் அளவும், நிமிடத்துக்கு ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) என்ற அனுமதி வரம்பைத் தாண்டவில்லை. 2001 டிசம்பர் இறுதிக்குள் குழாய்களைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கேட்டிருந்தும், 2002 பிப்ரவரி 16 வரை உலையை ஓட்ட இசைந்தது. கடைசியில் குழியைக் காட்டிக்கொடுத்தது சோதனைக் கருவியன்று: விரிசல் கண்ட மூன்றாம் எண் குழாயைப் பழுதுபார்க்கையில், எஃகின் பிடியில் அசையாதிருக்க வேண்டிய அந்தக் குழாய் சாய்ந்துவிட்டது.

கல்பாக்கத்தில் இது நேருமா?

சென்னை அணுமின் நிலையத்தின் கனநீர் உலைகளில் இத்தகைய மூடியே கிடையாது. அங்கே மூப்படைவது, எரிபொருளைத் தாங்கும் அழுத்தக் குழாய்கள். அவை 2000-களின் முற்பகுதியில் ஒட்டுமொத்தமாக மாற்றப்பட்டன.

பிறகு அந்த மூடியை என்ன செய்தார்கள்?

மிச்சிகனில் கைவிடப்பட்ட மிட்லண்ட் நிலையத்தின் பயன்படுத்தாத மூடியைப் பொருத்தி, 2004-இல் உலையை மீண்டும் இயக்கினார்கள். அதன் குழாய்களும் அலாய் 600-தான். 2010-இல் அவற்றிலும் விரிசல் கண்டது. 2011-இல், விரிசலை நன்கு தாங்கும் அலாய் 690 என்னும் கலப்புலோகக் குழாய்கள் கொண்ட புதிய மூடி வந்தது.