முழுக்கட்டை மரச்சாமான்கள்: உங்கள் கேள்விகள்

கேள்வி: பலகையாக அறுக்காத முழுக்கட்டைக் கால்கள் வைத்த மேசை வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. ராத்திரி ‘டப்’பென்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் ஒரு காலில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மரத்தின் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் சுருக்கம் ஆரம்பிக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால் தொல்லையே இல்லை. ஆனால் மரத்தின் வளர்ச்சி வளையங்களின் சுற்றுவாக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகையாக அறுத்தால் அது கொஞ்சம் வளைந்து சமாளித்துக்கொள்ளும். நடுத்தண்டோடு, அதாவது மரத்தின் மையத்தோடு, இருக்கும் முழுக்கட்டைக்கு அந்த வழி கிடையாது, எங்கேயாவது பிளந்தே தீரும். ஏசி அறையில் இன்னும் சீக்கிரம்.

விவரம் தெரிந்த தச்சர், கண்ணில் படாத பக்கத்தில் நடுத்தண்டு வரை நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டுவிடுவார். விரிய வேண்டியது அங்கே விரியும், முன்பக்கம் தப்பிக்கும். நீளவாக்கில் ஓடும் வெடிப்பால் பாரம் தாங்கும் பலம் பெரிதாகக் குறையாது. மக்கு (புட்டி) வைத்து அடைக்க வேண்டாம். காற்றில் ஈரம் ஏறி வெடிப்பு நெருங்கும்போது அது பெயர்ந்து வந்துவிடும். குறுக்குக்கட்டை இறங்கியிருக்கும் துளைக்குள் வெடிப்பு புகுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புகுந்திருந்தால் செய்தவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கட்டை நாற்காலி ஆடுகிறது. ஆணி அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். குறுக்குக்கட்டையின் முனையைச் செதுக்கித் துளையில் இறக்கியபோது அந்த முனை சரியாகக் காயவில்லை. பிறகு காய்ந்து மெலிந்துவிட்டது. நல்ல வேலையில் முனை நன்றாகக் காய்ந்திருக்கும், துளை போட்ட கட்டையில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். அது சுருங்கச் சுருங்கப் பிடி இறுகும். இப்போதைக்கு இணைப்பைக் கழற்றுங்கள். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுங்கள், அதன்மேல் புதுப் பசை ஒட்டாது. முனை நுனியில் ஒரு வெட்டுப் போட்டு, மெல்லிய ஆப்பு வைத்து, பசையோடு இறக்குங்கள். வாங்கும்போதே நாற்காலியைப் பின்கால்களில் சாய்த்து அசைத்துப் பார்ப்பது நல்லது. இணைப்பில் வெறும் ஸ்க்ரூ தலை மட்டும் தெரிந்தால் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: பட்டையோடு வாங்கலாமா?

பதில்: மரம் உறங்கும் குளிர்காலத்தில் வெட்டியதா என்று கேளுங்கள். அப்போது வெட்டியதில் பட்டை ஒட்டி நிற்கும். துளிர்விடும் பருவத்தில் வெட்டியது பிறகு கழன்று வரும். விரல் முட்டியால் தட்டுங்கள், பொள்ளல் சத்தம் கேட்டால் வேண்டாம். எனக்குப் பட்டை உரித்ததுதான் பிடிக்கும். பட்டை இடுக்கில் தூசி தட்டுவது யார்?

கேள்வி: கட்டிலுக்கு அடியில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடக்கிறது.

பதில்: உளுத்துப்போகிறது. வண்டின் புழு, வைரம் பாயாத வெளிமரத்தைத் தின்கிறது. துளைகளைச் சுற்றிப் பென்சிலால் குறித்து, தரையைத் துடைத்து, வெள்ளைத்தாள் விரித்துச் சில வாரம் பாருங்கள். கட்டிலை அசைத்தால் பழைய தூளும் உதிரும், அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். புதுத் துளையும் புதுத் தூளும் வந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. போரான் கரைசல் வேலை செய்யும், ஆனால் வார்னிஷைத் தாண்டி உள்ளே இறங்காது. சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும். அடுத்த முறை சூளையில் சூடேற்றிய மரமா என்று விசாரியுங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளுக்கான விதி, கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். அதே அளவைக் கேட்கலாம்.

கேள்வி: ஆளிவிதை எண்ணெய் நானே பூசலாமா?

பதில்: தாராளமாக. மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

கேள்வி: அலுவலக மேசைக்கு எதைக் கவனிப்பது?

பதில்: முழங்காலை. உயரம் 72 முதல் 75 சென்டிமீட்டர் சரி. ஆனால் மேல்பலகைக்கு அடியில் தடித்த குறுக்குக்கட்டை ஓடினால் தொடை இடிக்கும். அகலத்தையும் கால்களுக்கு உள்பக்கமாக அளந்து கேளுங்கள். 12 சென்டிமீட்டர் கால்கள் இரண்டு, 24 சென்டிமீட்டரை விழுங்கிவிடும்.