எட்டு டிகிரி எங்கிருந்து வந்தது?

கேள்வி: சாயத் தொட்டியில் மூன்று ஒயர் பிடி-100 சென்சார் (சூடு ஏற ஏற மின்தடை ஏறும் வெப்பநிலை சென்சார்). 40 மீட்டர் தள்ளி பேனலில், அந்த மின்தடையை அளந்து சிக்னலாக மாற்றும் டிரான்ஸ்மிட்டர். கண்ணாடித் தெர்மாமீட்டரைவிட 8 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. சென்சாரை மாற்றியும் பயனில்லை.

பதில்: சென்சார் மேல் பழி போடாதீர்கள். இரண்டு கோர் கேபிள் இழுத்து, மூன்றாவது ஒயருக்குப் பதிலாக டிரான்ஸ்மிட்டரிலேயே ஒரு ஜம்பர் (இரண்டு முனைகளை இணைக்கும் துண்டு ஒயர்) போட்டிருப்பார்கள். 0.5 சதுர மி.மீ. ஒயர் 40 மீட்டர் போய்த் திரும்பினால் அதன் மின்தடை சுமார் 3 ஓம். பிடி-100-க்கு ஒரு டிகிரி என்பது வெறும் 0.385 ஓம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த 8 டிகிரி அப்படியே வரும்! மூன்றாவது ஒயர் சென்சார் தலையிலிருந்தே கிளம்பினால்தான் டிரான்ஸ்மிட்டர் ஒயரின் ஓமைக் கழிக்கும்.

மூன்று கோரும் ஒரே தடிமனில் உள்ள கேபிள் போடுங்கள். பிறகு பேனலில் ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். சென்சாரின் இரண்டு சிவப்பு ஒயர்களுக்கும் இடையே 3 ஓம், வெள்ளை ஒயருக்கும் ஒரு சிவப்புக்கும் இடையே, தொட்டி 30 டிகிரியில் இருந்தால், சுமார் 115 ஓம் வர வேண்டும். சாயப்பட்டறை ஈரத்தில் திருகு பச்சை பூத்து ஒரு ஒயரில் மட்டும் ஓம் ஏறினாலும் கணக்குக் கெடும். சுரண்டிவிட்டு, ஒயர் முனையில் ஃபெரூல் (உலோகக் குழாய் முனை) போட்டு இறுக்குங்கள். கேபிளின் ஷீல்டை (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையை) பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

புதிதாக வாங்குவதானால் சென்சார் தலைக்குள்ளேயே பொருத்தும் டிரான்ஸ்மிட்டரே மேல். அது அனுப்பும் 4–20 மில்லியாம்ப் மின்னோட்ட சிக்னலுக்கு 40 மீட்டர் ஒயர் ஒரு பொருட்டே இல்லை.