10 ரூபா யூனிட்னா சீப்பா?

கேள்வி: அண்ணா, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில வேலை பாக்குறேன், சம்பளம் 24,000. மாசம் 3,000 மியூச்சுவல் ஃபண்ட்ல போடலாம்னு பேங்க்ல விசாரிச்சேன். புதுசா ஒரு ஃபண்ட் வருது, யூனிட் 10 ரூபாதான், பழசெல்லாம் 150, 200னு ஏறிடுச்சு, இப்பவே சேந்துடுங்கன்னு சொல்றாங்க. சேரலாமா?

பதில்: 10 ரூபாங்கிற ஒரே காரணத்துக்காகன்னா வேண்டாம்மா.

அவங்க சொல்ற யூனிட் விலைக்கு பேரு என்ஏவி. ஃபண்டுகிட்ட இருக்குற ஷேர், பாண்ட், கேஷ் எல்லாத்தோட அன்னைய மதிப்புல செலவைக் கழிச்சு மொத்த யூனிட்டால வகுத்தா வர்ற நம்பர், அவ்ளோதான். 3,000 போட்டா 10 ரூபா ஃபண்ட்ல 300 யூனிட் கிடைக்கும், 150 ரூபா ஃபண்ட்ல 20. ரெண்டுலயும் உள்ள இருக்குற ஷேருங்க 10% ஏறுச்சுன்னா 300 யூனிட் 11 ரூபா வீதம் 3,300, 20 யூனிட் 165 வீதம் அதுவும் 3,300. இதுல எது சீப்பு? (ஸ்டேட்மென்ட்ல 2,999.85னு இருந்தா பதறாதீங்க, அந்த 15 பைசா ஸ்டாம்ப் டியூட்டி, 2020 ஜூலைல இருந்து எல்லாருக்கும் புடிக்கிறாங்க.) பழைய ஃபண்டாவது மார்க்கெட் விழுந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு பாக்கலாம், புதுசுல பாக்க ஒண்ணுமே இல்ல.

நீங்க கேக்காம விட்ட விஷயம்தான் முக்கியம். பேங்க் மூலமா போட்டா அது ரெகுலர் பிளான், கமிஷன் ஒரு தடவையோட முடியாது, உங்க பணம் உள்ள இருக்குற வரைக்கும் போயிட்டே இருக்கும். 2013 ஜனவரில இருந்து அதே ஃபண்டுலயே டைரக்ட் பிளான்னு ஒண்ணு இருக்கு, அதே மேனேஜர், அதே ஷேர், கமிஷன் மட்டும் கிடையாது. ரெகுலர்ல போற கமிஷனுக்கு தனியா பில்லு எதுவும் வராது, தினமும் என்ஏவிலயே கழிஞ்சிடும், அதனாலதான் பல பேருக்கு தெரியறதே இல்ல. அந்த கமிஷன் வருஷம் 1% தானேன்னு நினைப்பீங்க. மாசம் 3,000, 20 வருஷம், 12% வளந்தா கிட்டத்தட்ட 30 லட்சம், 11% னா 26 லட்சம் சொச்சம். 12% வரும்னு நான் சொல்லல, வித்தியாசத்தை மட்டும் பாருங்க. நல்லா வழி காட்டுற ஆளு கூட இருந்தா ரெகுலர் தப்பில்லதான், ஆனா 10 ரூபா கதை சொல்றவருக்கு எதுக்கு குடுக்கணும்?

உங்களுக்கு ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் (நாட்டோட 50 பெரிய கம்பெனி ஷேருங்க இருக்குற நிஃப்டி பட்டியலை அப்படியே பின்பற்றுற ஃபண்ட்) போதும்னு நினைக்கிறேன், டைரக்ட், குரோத் (லாபத்தை வெளிய குடுக்காம உள்ளயே விடுறது). ஐடிசிடபிள்யூன்னு ஒரு ஆப்ஷன் வரும், முன்னாடி டிவிடெண்ட்னு சொல்லிட்டிருந்தது, உங்க என்ஏவில இருந்தே எடுத்து உங்க கையில குடுக்குறதுதான், அதைத் தொடாதீங்க. பான் கார்டு, ஆதார், பேங்க் அக்கவுண்ட் இருந்தா ஃபண்ட் கம்பெனி வெப்சைட்லயே கேஒய்சி முடிச்சு எஸ்ஐபி (மாசா மாசம் அக்கவுண்ட்ல இருந்து தானா பணம் போற ஏற்பாடு) போட்டுடலாம். ஒரு மாசம் அக்கவுண்ட்ல பணம் இல்லாம போனா ஃபண்ட்காரங்க அபராதம் போட மாட்டாங்க, ஆனா பேங்க் பவுன்ஸ் சார்ஜ் புடிக்கும், அதனால தேதிய சம்பளம் வந்து ரெண்டு மூணு நாள் கழிச்சு வைங்க.

அதுக்கு முன்னாடி மூணு நாலு மாச செலவுக்கான பணம் பேங்க்ல தனியா இருக்கணும். ரெண்டு வருஷத்துல கல்யாணம், வீட்டு அட்வான்ஸ்னு தேவைப்படுற காசை இதுல போடவே கூடாது. 2020 ஜனவரில 12,300க்கு மேல இருந்த நிஃப்டி மார்ச்ல 7,600 கிட்ட வந்துச்சு, நவம்பர்ல பழைய உச்சத்தைத் தாண்டிடுச்சு, ஆனா ஏப்ரல்ல ஆஸ்பத்திரி செலவுக்கு எடுத்தவருக்கு அந்த நவம்பரால என்ன பிரயோஜனம்?

டேக்ஸ் பத்தி இப்போதைக்கு கவலை வேண்டாம், ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்து வித்தா வருஷத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல 12.5%. பேங்க்ல ஏற்கனவே ஃபார்ம்ல கையெழுத்து போட்டுட்டீங்கன்னா அதுல எஸ்ஐபி டிக் ஆகியிருக்கான்னு பாத்துட்டு இன்னைக்கே கேன்சல் பண்ணச் சொல்லுங்க.