கூரைக்கு முன்னால் ஒரு தாள்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக வேல்ஸில், கார்டிஃபில் வசிக்கிறேன். சென்ற மாதம் குடும்பத்தோடு காஸ்டெல் கோக் கோட்டைக்குப் போயிருந்தோம். அங்கே வரவேற்பறை விதானத்தைப் பார்த்துக்கொண்டு என் மகள் கழுத்து வலிக்க வலிக்க நின்றாள். அடுத்த வாரமே ஒரு கண்காட்சியில், வேறொரு கோட்டையின் விதானத்துக்காக வரைந்த பழைய நீர்வண்ணத் தாள் ஒன்றைப் பார்த்தேன். கால்வாசிக்குத்தான் வண்ணம் இருந்தது, மீதி வெறும் பென்சில் கோடு. ஓவியர் ஏன் பாதியில் விட்டார் என்று தெரியவில்லை. கூட வந்த நண்பர், "இது ரஃப் காப்பிதானே, இதைப் போய் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்" என்றார். எனக்கு உறுத்தியது, பதில் சொல்லத் தெரியவில்லை. விதானம்தான் படைப்பு என்றால் இந்தத் தாள் என்ன?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

முதலில் அந்தக் கால்வாசி வண்ணத்தைப் பற்றி. பெரும்பாலும் அது பாதியில் விட்ட வேலையாக இருக்காது. விதானங்கள் அநேகமாக நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு கொண்டவை. ஒரு பகுதியை முழுதாகத் தீட்டிவிட்டால் மற்றவை அதன் மறுபடிகள்தான். மீதியைக் கோட்டோடு விடுவது அந்தத் தொழிலில் வழக்கம். சில தாள்களில் இடப்பாதி ஒரு நிறத்திலும் வலப்பாதி வேறு நிறத்திலும் இருக்கும். வேலை கொடுத்த பிரபு பார்த்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்வதற்காக.

வளைந்த விதானம் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. ஆரஞ்சுத் தோலை உரித்து மேசைமேல் தட்டையாக வைத்துப் பாருங்கள், எங்காவது கிழியும். வளைவை விரித்துத் தாளில் போடும்போதும் அப்படித்தான். அதனால் ஒவ்வொரு வளைவுத் துண்டையும் தனித்தனி இதழாக வரைவார்கள். பூப்போலத் தெரியும் அந்தப் படத்தை மனதுக்குள் மடித்து, தலைக்கு மேலே தூக்கி நிறுத்திப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அது விதானமாகத் தெரியும்.

சரி, காஸ்டெல் கோக்குக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் மகள் நின்ற அந்த அறையிலேயே இருக்கிறது.

வெல்ஷ் மொழியில் அந்தப் பெயருக்குச் சிவப்புக் கோட்டை என்று பொருள். கார்டிஃப் துறைமுகத்தாலும் நிலக்கரியாலும் பெரும் செல்வரான மூன்றாம் ப்யூட் பிரபுவுக்குச் சொந்தமாக இருந்த இடிபாடு அது. அதை என்ன செய்யலாம் என்று 1872-ல் கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸ் படங்களோடு ஓர் அறிக்கை கொடுத்தார். 1875-ல் வேலை தொடங்கியது. சுவர்களும் கோபுரங்களும் எழும்பிவிட்டன. உள்ளலங்காரம் முடிவதற்குள், 1881 ஏப்ரலில், 53 வயதில் பர்ஜஸ் இறந்துவிட்டார். கோட்டை முழுதாக முடிந்தது 1891-ல்.

அந்தப் பத்து வருடங்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். உதவியாளர் வில்லியம் ஃபிரேம் வேலையைக் கையில் எடுத்தார். பர்ஜஸிடம் வேலை பார்த்த இன்னொருவரான சாப்பிள் மேசை நாற்காலிகளைக் கவனித்தார். சார்ல்ஸ் கேம்பெலின் குழு சாரத்தில் ஏறி விதானத்தைத் தீட்டியது. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. கையில் இருந்தவை பர்ஜஸ் விட்டுப்போன வரைவுகளும், அவரோடு வேலை செய்து பழகிய பழக்கமும்தான். நீங்கள் பார்த்த அந்தப் பறவைகள், நட்சத்திரங்கள், வளைவுகளின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டாம்பூச்சிகள் எல்லாம் அப்படி வந்தவை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். இங்கே சுவரில் வண்ணம் ஏறுவதற்கு முன்பே சித்திரம் தாளில் இருந்தது, அதை யோசித்தவர்தான் இல்லை.

மேலே லேடி ப்யூட்டின் படுக்கையறைக்கும் போயிருப்பீர்கள். குவிமாடக் கூரையில் குரங்குகள் இருக்கும். கீழே உள்ள வரவேற்பறைக்கு இருந்த அளவுக்கு அந்த அறைக்கு பர்ஜஸ் விரிவான வரைவு விட்டுச் செல்லவில்லை. அவர் இருந்திருந்தால் எப்படிச் செய்திருப்பார் என்று ஊகித்துத்தான் அவருடைய ஆட்கள் இடைவெளிகளை நிரப்பினார்கள். அழகான அறைதான், எனக்குப் பிடிக்கும். ஆனாலும் கீழ் அறையில் சுவரின் ஈசாப் கதைகள், கணப்பின் மேல் உயிர் நூலை நூற்று, அளந்து, அறுக்கும் மூன்று தேவியர், மேலே ஏறும் பறவைகள் எல்லாம் ஒரே மூச்சில் யோசிக்கப்பட்டவை என்று நிற்கும்போதே தெரிகிறது. மேலறையில் எனக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை. உங்கள் நண்பர் ரஃப் காப்பி என்று சொன்ன அந்த மாதிரித் தாள் ஓர் அறைக்கு இருந்ததற்கும் இன்னோர் அறைக்குக் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம் இது.

நீர்வண்ணம் எதற்கு என்றும் யோசித்திருப்பீர்கள். சீக்கிரம் காயும், சுருட்டி எடுத்துப் போகலாம், செலவு குறைவு. அதைவிட முக்கியம், தாளின் வெண்மை வண்ணத்துக்குள்ளிருந்து வெளியே தெரியும். இருட்டு அறையின் கூரை விளக்கொளியில் எப்படி மினுங்கும் என்பதை அந்த வெளிச்சத்தால் ஓரளவு சொல்லிவிடலாம். தங்க ரேக்கு ஒட்டவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பூச்சு போதும்.

அப்புறம் தாளிலிருந்து கூரைக்கு எப்படிப் போவது? பழைய முறை இது. வரைவை நிஜ அளவுக்குப் பெரிதாக்கி இன்னொரு தாளில் வரைவார்கள். அதன் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, கூரையில் ஒட்டப் பிடித்து, கரித்தூள் கட்டிய துணிமூட்டையால் தட்டுவார்கள். தாளை எடுத்தால் புள்ளிகள் நிற்கும். அந்தப் புள்ளிகளின் மேல் தூரிகை. இதைச் செய்கிறவர் சாரத்தில் முகத்தைக் கூரைக்கு ஒரு முழ தூரத்தில் வைத்துக்கொண்டிருப்பார். மொத்தமும் எப்படித் தெரிகிறது என்று அவரால் பார்க்கவே முடியாது. அவருக்காகப் பார்த்துவைத்த கண் அந்தச் சின்னத் தாள்தான். நான் அதை ஒரு கடிதம் என்பேன். மேலே மல்லாந்து கிடந்து வேலை செய்யப்போகும், முகம் தெரியாத ஒருவருக்கு எழுதியது.

எல்லா நீர்வண்ணத் தாளும் இந்த வகை அல்ல. கார்டிஃப் கோட்டையின் கோடைக்காலப் புகைபிடிக்கும் அறையை பர்ஜஸுக்காக ஆக்செல் ஹேக் தீட்டிய படம் உண்டு. ஹேக் ஸ்வீடன்காரர். அறைக்குள் நாமே நிற்பதுபோல இருக்கும். அது பார்ப்பவரை மயக்க வரைந்தது. நீங்கள் பார்த்த கால்வாசித் தாள் வேலை செய்பவருக்கு. எனக்கு இரண்டாவதுதான் பெரிது. அதில் யாரையும் கவர வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் ஒரு இறகின் நுனிகூடத் தவறாமல் இருக்கும்.

இன்னொன்று. கூரைகள் கரியும் ஈரமும் பட்டு நிறம் மாறுகின்றன, பழுது பார்க்கும்போது மேல்பூச்சு ஏறுகிறது. தாள் அலமாரி இருட்டில் கிடக்கிறது. வெளியே எடுத்தாலும் அருங்காட்சியகங்கள் நீர்வண்ணத்துக்குப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. நீங்கள் போன அறை மங்கலாக இருந்திருக்குமே, அதனால்தான். முதலில் நினைத்த நீலம் எது என்று கூரையைச் சீரமைப்பவர் தேடும்போது, பல சமயம் அந்தத் தாளைத்தான் கேட்பார்.

மகளை மறுபடி அழைத்துப் போங்கள். கையில் ஒரு முகக்கண்ணாடி கொடுங்கள், கழுத்து வலிக்காது. பறவைகள் இருக்கும் ஒரே ஒரு வளைவுத் துண்டை மட்டும் வீட்டுக்கு வந்து வண்ணத்தில் வரையச் சொல்லுங்கள். மீதி பென்சில் கோடாகவே இருக்கட்டும்.

அன்புடன்.